ஷட்டரில் ஒரு தையற்காரி

தொழிற்சாலை மூடியதிலிருந்து மூன்று வருடமாகத் தெருவில் எல்லாரும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். எங்களைத் தூக்கி நிறுத்த நகராட்சி கண்டுபிடித்த வழி, கடை ஷட்டர்களில் ஓவியம். படம் பார்க்க ஜனம் வரும், ஜனம் வந்தால் வியாபாரம் வரும், கூடவே மனநிம்மதியும் வரும் என்று ஒரு அதிகாரி திரை கட்டி விளக்கினார். கடையை மூடினால்தான் ஷட்டர் தெரியும் என்பது அத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

என் ஷட்டரில் என்னையே வரைந்தார்கள், தையல் மெஷினோடு. மூக்கும் முழியும் என்னைவிட லட்சணம். மெஷின் சக்கரத்தை மட்டும் இடப்பக்கம் மாட்டியிருந்தான் புண்ணியவான்.

திறப்பு விழா அன்று பத்து மணிக்குப் பள்ளித் தலைமையாசிரியை கடைக்கு வருவதாக இருந்தது. முந்நூறு பிள்ளைகளுக்குச் சீருடை. மாதிரிச் சட்டை பிடித்துவிட்டால் ஆர்டர் எனக்கு. வேலையில்லை என்று நிறுத்திய என் தங்கையைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாம். அதிகாரியிடம் சொன்னேன்.

"ஒரு மணி நேரந்தாங்க்கா ஷட்டர் இறங்கியிருக்கணும். நீங்களும் வெளியில வந்து உக்காருங்க."

"எனக்கு வேலை கெடக்கு தம்பி. டீச்சர் வந்தா?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

சட்டையில் ஓரம் மடித்துத் தைக்கவும் பட்டன் வைக்கவும் பாக்கி இருந்தது. உள்ளேயே உட்கார்ந்தேன். ஒன்பதரைக்கே ஷட்டரை இறக்கி, வெளியே குறுக்கே ரிப்பன் கட்டினார்கள். பின்வாசல் இல்லாத கடை. "இந்தக் கலை, உழைக்கும் பெண்ணுக்கு ஒரு குரல் கொடுத்திருக்கிறது" என்று மைக்கில் யாரோ முழங்கினார். உடனே ஷட்டரைத் தட்டினார் அதிகாரி.

"அக்கா, மெஷின் சத்தம் வெளிய கேக்குது. கொஞ்சம் நிறுத்துங்க."

நிறுத்தினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். டீச்சருக்கு மூன்று முறை போன் போட்டேன், எடுக்கவில்லை. ரிப்பன் வெட்டி, கைதட்டி முடித்து, நான் ஷட்டரைத் தூக்கியபோது மணி பதினொன்றரை. தெருவில் காலி நாற்காலிகள்தான் இருந்தன.

மதியம் டீச்சரே கூப்பிட்டார்.

"பத்து மணிக்கே வந்தேம்மா. கடை மூடியிருந்துச்சு. விழாவுக்காக இன்னைக்கு லீவுன்னு அந்த அதிகாரிதான் சொன்னாரு. எனக்கும் அவசரம், மெயின் ரோட்டுக் கடையில குடுத்துட்டேன். ஆனா படம் தத்ரூபமா இருக்கு. பக்கத்துல நின்னு போட்டோகூட எடுத்துக்கிட்டேன்."

போட்டோவையும் அனுப்பியிருந்தார். வரைந்த என் தோள்மேல் கை போட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அந்தத் தகரத்துக்கு இந்தப் பக்கம், சத்தம் வராமல், அவருக்குக் காட்ட வேண்டிய சட்டைக்குக் கையால் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன் நான்.