எல்லாம் சரி என்ற பொத்தான்

என் தம்பிக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு முறை படுத்தால் நாலு மணி நேரம். அந்த மையத்தில் போனை உள்ளே விடமாட்டார்கள். வாசலிலேயே வாங்கி லாக்கரில் பூட்டிவிடுவார்கள். அதனால்தான் பெரிய ஆஸ்பத்திரியில் மாற்றுக் கிட்னிக்குப் பதிவு செய்தபோது, தொடர்பு எண் என்ற இடத்தில் என் நம்பரைக் கொடுத்தோம். கிட்னி கிடைத்தால் கூப்பிடுவார்கள். வருகிறோம் என்று அரை மணி நேரத்துக்குள் பதில் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆள். நாலு வருஷமாக அந்த ஒரு அழைப்புக்காகத்தான் காத்திருந்தோம். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, எனக்கு ஆகி முறிந்துவிட்டது. அவனுக்கு நான், எனக்கு அவன், அவ்வளவுதான் குடும்பம்.

இந்த லட்சணத்தில் எனக்கு ஒரு பொழுதுபோக்கு. போன் கம்பெனிக்காரன் புது அப்டேட் வெளியிடுவதற்கு முன்னால், எங்களைப் போல ஆயிரம் பேருக்கு அதை அனுப்பிவைப்பான். போட்டுப் பார்த்து, எது வேலை செய்கிறது, எது பாதியில் நின்றுபோகிறது என்று சொல்லவேண்டும். காலணா கிடையாது, திரையில் நம் பேருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் மட்டும் தருவான். கண்ணாடிக் கடையின் பின்னறையில் நாளெல்லாம் ஃப்ரேமுக்கு லென்ஸ் பொருத்துகிறவளுக்கு, உலகத்தில் யாருக்கும் கிடைக்காதது நமக்கு முதலில் கிடைக்கிறது என்றால் தலைகால் புரியுமா? எனக்குப் புரியவில்லை. அன்றாடம் பயன்படுத்தும் போனில் இதைப் போடாதீர்கள் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருப்பான். எல்லோரும் அதில்தான் போடுவோம். வேறு போனுக்கு எங்கே போவது?

தம்பி அடிக்கடி கிண்டல் செய்வான். "ஊருக்கு முன்னாடி நீ குழியில விழுந்து பாத்து சொல்ற. நல்ல வேலைக்கா."

"பொறாமைடா உனக்கு" என்பேன்.

போன மாதம் வந்த அப்டேட்டில் ஒரு புது வசதி. தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் போன் மணி அடிக்காது. தானே எடுத்து, யார், என்ன விஷயம் என்று கேட்கும். பதிலைக் கேட்டு, விளம்பரம் என்று தோன்றினால் துண்டித்துவிடும். கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று உயிரை எடுக்கும் கூட்டம் ஒரே நாளில் ஒழிந்தது. எனக்கு வாயெல்லாம் பல். ஆஸ்பத்திரி நம்பரைத்தான் சேமித்து வைத்திருக்கிறோமே, அது தெரிந்த நம்பர், அதற்கு மணி அடிக்கும் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரிக்கு ஒரு நம்பர்தான் இருக்கும் என்று எந்த மடச்சி நினைப்பாள்? நான் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை தம்பியை மையத்தில் விட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். பதினொன்று ஐந்துக்குத் திரையில் ஒரு கேள்வி வந்தது. இன்று நான்கு அழைப்புகளை வடிகட்டியிருக்கிறோம், சரிதானா? கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று, பட்டியலைப் பார். இன்னொன்று, எல்லாம் சரி. ஐந்து நிமிடத்துக்குள் பதில் சொன்னால் இரட்டை நட்சத்திரம். என் கையில் அரைகுறையாகப் பொருத்திய லென்ஸ் இருந்தது. சுண்டு விரலால் 'எல்லாம் சரி'யைத் தட்டினேன்.

ஒரு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அந்தப் பட்டியலைத் திறந்தேன். இரண்டு கடன்காரர்கள். மற்ற இரண்டும் ஒரே நம்பர், பத்து ஐம்பதுக்கு ஒன்று, பதினொன்று இரண்டுக்கு ஒன்று. பேசியதை எழுத்தாகவும் போட்டிருந்தது. 'உங்களுக்கு ஒன்று கிடைத்திருக்கிறது. உடனே வரவேண்டும். அரை மணி நேரம்தான் இருக்கிறது. வருகிறீர்களா என்று இப்போதே சொல்லுங்கள்.' அதற்குப் பக்கத்தில் சிவப்பில், மோசடி விளம்பரம்.

அந்த நம்பருக்கு அடித்தேன். ஆஸ்பத்திரியில் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் அம்மாதான் எடுத்தார்.

"ரெண்டு தடவை பேசினேன்மா. ஏதோ மெஷின் கேள்வி கேட்டுது, அவசரத்துல ஆஸ்பத்திரி பேரைக்கூடச் சொல்லாம விஷயத்தை மட்டும் சொன்னேன், கட்டாயிடுச்சு. பதினொண்ணே காலுக்கு மூணாவது தடவை போட்டேன், அப்ப லைனே போகல."

போகாது. நான்தான் சரி என்று சொல்லிவிட்டேனே. அதற்குப் பிறகு அந்த நம்பரை ஒரேயடியாக அடைத்துவிடும், யார் என்றுகூடக் கேட்காது. பதினொன்று ஐந்துக்கு நான் பட்டியலைத் திறந்திருந்தால் இன்னும் கால் மணி நேரம் மிச்சம் இருந்திருக்கும்.

"இப்ப வந்துடறோம்மா. பத்து நிமிஷத்துல வந்துடறோம்."

"அடுத்தவங்க வந்துட்டாங்கம்மா. ஆபரேஷன் தியேட்டருக்குள்ள கொண்டு போயாச்சு."

மையத்துக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை. வாசலில் போனைக் கொடுக்கும்போது அதில் கம்பெனிக்காரனின் வாழ்த்து வந்திருந்தது. இந்த வாரம் உங்கள் மதிப்பீடு நூற்றுக்கு நூறு. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

தம்பி கையில் ஊசியோடு கண்ணை மூடிப் படுத்திருந்தான். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் சொன்னேன். பொத்தானைத் தட்டியதையும் சொன்னேன். மறைக்கலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தது உண்மை. முடியவில்லை.

அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"அவங்க என்ன சொன்னாங்கன்னு அப்படியே சொல்லுக்கா."

சொன்னேன்.

"உங்களுக்கு ஒண்ணு கிடைச்சிருக்குன்னா சொன்னாங்க?"

"ஆமாடா."

"இன்னொரு தடவை சொல்லு."

மறுபடியும் சொன்னேன். அவன் முகத்தை மெஷின் பக்கம் திருப்பிக்கொண்டான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று சாயங்காலமே போனை மொத்தமாக அழித்து, பழையபடி ஆக்கினேன். யாருக்கு என்ன பிரயோஜனம்?

அழைப்பைத் தவறவிட்டவர்கள் நேரில் வந்து படிவத்தைப் புதுப்பிக்கவேண்டும். மறுநாள் இருவரும் போனோம். பஸ்ஸில் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். பட்டியல் அம்மா பழைய தாளையே எடுத்து அவன் முன்னால் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தொடர்பு எண்ணை மாத்தறதா இருந்தா இப்ப மாத்திக்கலாம்பா."

"மாத்தணும்" என்றான்.

பேனாவை வாங்கி என் நம்பரின் மேல் ஒரு கோடு போட்டான். அழுத்தி, இரண்டாவது கோடும் போட்டான். சரிதான் என்று நினைத்தேன். எனக்கு வேண்டியதுதான்.

பிறகு பேனா அப்படியே நின்றது. நோய் வருவதற்கு முன் அவன் பார்த்த டைல்ஸ் பதிக்கிற வேலையில் கூட இருந்தவர்களை யோசித்திருப்பான். அவர்கள் வந்து பார்த்தே மூன்று வருஷம் ஆகிறது. பக்கத்து வீட்டுக்காரரை யோசித்திருப்பான். அவர் பேரே எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குப் பின்னால் நின்றவர் இருமினார்.

"யார் நம்பர்ப்பா போடறே?" என்றார் அந்த அம்மா.

தம்பி தாளின் மேல் குனிந்தான். அடித்த கோட்டுக்குக் கீழே, ஒவ்வொரு எண்ணாக, நிதானமாக, என் நம்பரையே திரும்ப எழுதினான்.