வெட்ட முடியாத அறை

இல்லாத ஓர் அறையை இடிக்கச் சொன்னால் நீங்கள் எங்கிருந்து ஆரம்பிப்பீர்கள்? அவளுக்கும் தெரியவில்லை. இத்தனைக்கும் அந்த அறையை உண்டாக்கியதே அவள்தான்.

கட்டடச் செலவு மதிப்பிடும் அலுவலகத்தில் அவள் சேர்ந்து ஆறு மாதம் முடிய நான்கு நாள் பாக்கி. ஆறு மாதம் தற்காலிகம். அதற்கப்புறம் ஒன்று நிரந்தரம், இல்லையென்றால் ஊருக்குத் திரும்பி சித்தப்பாவின் பெயிண்ட் கடையில் டப்பா குலுக்க வேண்டியதுதான். சித்தப்பா இப்போதே மற்றவர்களிடம் அவளை 'நம்ம கடைப் பொண்ணு' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாராம். அக்கா போனில் சொல்லிவிட்டுச் சிரித்தாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலை ஒன்றும் கம்பசூத்திரமில்லை. வரைபடத்தை விரித்து, அளந்து, ஒரு செங்கல்கூட வைப்பதற்கு முன்பே என்ன செலவாகும் என்று சொல்லிவிட வேண்டும். சாப்பிடப் போகும்போதுகூடக் கையில் ஸ்கேலோடு போனதால் அவள் பெயரே அலுவலகத்தில் 'ஸ்கேல்' என்று ஆகிவிட்டது.

சில நாள் முன்பு அவளிடம் தனியாகக் கொடுத்த முதல் வேலை, இரண்டு மாடிக் கால்நடை மருத்துவமனை. பதினாறு அறைகள். எல்லாவற்றையும் அளந்து, சுவர்களையும் சேர்த்துக் கூட்டினால் கட்டடத்தின் மொத்தப் பரப்பு வர வேண்டும். வரவில்லை. நான்கு சதுர மீட்டர் உதைத்தது. மேனேஜர் பிரிண்டர் பக்கத்தில் நின்றுகொண்டு, இன்னும் வராத காகிதத்துக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார். ஸ்கேல் பட்டியலின் அடியில் 'அறை 17 - நான்கு ச.மீ.' என்று ஒரு வரியைச் சேர்த்தாள். கணக்கு கச்சிதமாக உட்கார்ந்தது. மாடிப்படியைச் சுற்றியிருந்த சுவரின் கனத்தை விட்டுவிட்டோம் என்பது சாயங்காலம் பஸ்ஸில் உறைத்தது. மறுநாள் திருத்தலாம் என்று வந்தால், அந்தக் காகிதத்தில் மூன்று பெரிய மனிதர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

ஒரு வாரம் கழித்து, செலவில் பத்தில் ஒரு பங்கை வெட்டச் சொல்லித் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. ஸ்கேலுக்கு உயிர் வந்தது. சத்தமில்லாமல் அறையைத் தூக்கிவிடலாம்.

அவளுடைய கடைசி நான்கு நாளும் டைல்ஸ் மாதிரிகள் அடுக்கிய அறையில் கூட்டம். ஒரு கால் குட்டையான மேஜையைச் சுற்றி மேனேஜர், வரைபடம் போட்ட ஆர்க்கிடெக்ட் மேடம், மருத்துவமனையை நடத்தப்போகும் மாட்டு டாக்டர். எடுத்த எடுப்பிலேயே ஸ்கேல் பதினேழை வெட்டலாம் என்றாள்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "அது எதுக்கான ரூம்மா?"

"எதுக்குமில்ல சார்."

"எதுக்குமில்லாம யாராவது ரூம் போடுவாங்களா?"

எல்லோரும் மேடத்தைப் பார்த்தார்கள். தான் போட்ட படத்தில் தனக்கே தெரியாத அறை இருக்கிறது என்று அவர் எந்த வாயால் சொல்வார்? அது டாக்டர் கேட்டது என்றார். டாக்டர் ஒரு நிமிஷம் கூரையைப் பார்த்தார். மேலிடத்தில் யாரோ சொல்லித்தான் போட்டிருப்பார்கள், நாம் ஏன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அந்த அறை மிக மிக அவசியம் என்றார். மேனேஜர் பேனாவை எடுத்து அறை பதினேழுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டார். இனி அதை யாரும் தொடக் கூடாது.

பிறகு மற்றதெல்லாம் போயிற்று. முதல் நாள் ஜன்னல்களில் பாதி. இரண்டாம் நாள் லிப்ட், தண்ணீர்த் தொட்டியின் மூடி, மாடிக்குப் போகும் சாய்வுப் பாதை. எக்ஸ்ரே மாடியில் இருக்கிறதே, குதிரை எப்படிப் போகும் என்று டாக்டர் கேட்டார். படி அகலமாகத்தான் இருக்கிறது என்றார் மேடம். 'குதிரைகள் படியேறும்' என்று கூட்டக் குறிப்பில் ஸ்கேல் தன் கையாலேயே எழுதினாள்.

அன்றைக்கு அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். "இன்னும் ரெண்டு நாள்தானேடி. வாய மூடிக்கிட்டு உக்காந்திரு. குதிரை பாடு, குதிரைக்காரன் பாடு," என்றாள் அக்கா.

ஒரு நாள் உட்கார்ந்திருந்தாள். கடைசி நாள், அறுவைச் சிகிச்சை அறையைப் பாதியாக்கும் பேச்சு வந்தது. சின்ன மிருகங்களாகப் பார்த்து அனுமதித்தால் போதும் என்றார் மேனேஜர். டாக்டர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கேலுக்குத் தாங்கவில்லை. எழுந்து நின்றாள்.

"சார், பதினேழுன்னு ஒரு ரூமே கெடையாது. நான் ஒரு சுவர விட்டுட்டேன். கணக்கு உதைச்சுது, அதான் சும்மா போட்டேன்."

வேலை போயிற்று என்று நினைத்தாள். மேனேஜரோ அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "வெட்டணுங்கிற ஆர்வம் இருக்க வேண்டியதுதாம்மா. அதுக்காக இருக்கறத இல்லங்கறதா?"

மேடம் படம் சுருட்டி வைக்கும் குழாயிலிருந்து புதிய வரைபடத்தை உருவி மேஜையில் விரித்தார். மாடிப்படிக்குப் பக்கத்தில் அறை பதினேழு இருந்தது. அதற்கு மட்டும் இரண்டு ஜன்னல்.

அப்படியும் வேண்டாமென்றால் அதற்கொரு படிவம் இருக்கிறது என்றார் மேனேஜர். அறையைப் பயன்படுத்துபவர், தனக்கு அது தேவையில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். பயன்படுத்துபவர் யார் என்று கேட்டதும் டாக்டர் மேடத்தைப் பார்த்தார், மேடம் ஜன்னலைப் பார்த்தார். யாரும் பேனாவைத் தொடவில்லை.

"குடுங்க சார், நானே போடறேன்," என்றாள் ஸ்கேல். 'பயன்படுத்துபவர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதி, 'தேவையில்லை' என்று அடித்தல் திருத்தமில்லாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். படிவம் தலைமை அலுவலகத்துக்குப் போயிற்று. அவள் மேஜை டிராயரைக் காலி செய்து பையில் போட்டுக்கொண்டு, சித்தப்பாவிடம் சொல்லிவிடு என்று அக்காவுக்குப் போன் செய்தாள்.

மறுநாள் காலை எட்டரைக்கு அவள் பெயருக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, அவள் வேலை நிரந்தரம் என்றது. இன்னொன்று, பதினேழாம் அறைக்குப் பயன்படுத்துபவர் ஒருவர் இருப்பது தெரியவந்ததால் அறையை நீக்க இயலாது, அவர் உடனே அங்கே பணியாற்றத் தொடங்க வேண்டும் என்றது. அறுவைச் சிகிச்சை அறை பாதியானது. ஒன்பதரைக்கு ஸ்கேல் மருத்துவமனை வரப்போகும் வெறும் மனைக்குப் போனாள். நான்கு சதுர மீட்டருக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, நடுவில் ஒரு நாற்காலி வைத்திருந்தார்கள். அவள் போய் அதில் உட்கார்ந்தாள்.