ஓட்டையை அடைத்த பச்சை

பழைய சரக்கைப் புதுச் சரக்கில் கலந்து விற்றால் கடைத்தெருவில் சட்டையைப் பிடிப்பார்கள். ஆய்வுக்கூடத்தில் அதற்கு ‘இடைவெளி நிரப்புதல்’ என்று பெயர். மாதச் சம்பளமும் உண்டு.

அவள் செய்வது அந்த வேலைதான். செயற்கைக்கோள் கடலின் நிறத்தைப் பார்த்து அனுப்பும். கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி செழித்த இடம் பச்சை. பாசி இருந்தால்தான் மீன். மேகம் மறைத்த இடம் படத்தில் கறுப்பு ஓட்டையாக விழும். ஓட்டைப் படத்தைப் பெரிய மனிதர்களிடம் எப்படிக் காட்டுவது என்று இயக்குநர் மூக்கைச் சுளித்ததால், ஆரம்ப வருஷங்களின் சராசரியை வைத்து ஓட்டைகள் தானாகவே அடைபடும்படி எப்போதோ செய்துவைத்தாள். செய்ததை மறந்தும் போனாள்.

தம்பியிடம் ஒரு மரப்படகு இருந்தது. வலை வெறுமனே திரும்பிக்கொண்டிருந்தது. நல்ல விலைக்குக் கேட்டு ஓர் ஆள் நடையாய் நடந்தார். விற்கலாமா என்று கேட்க, மீன் வாடையோடு அவள் அறைக்கே வந்துவிட்டான். திரையின் தெற்கு மூலையில் ஒரு பச்சைத் திட்டு. வருஷவாரியாகப் படங்களை ஓட்டிக் காட்டினாள். எல்லாவற்றிலும் அதே பச்சை.

“அங்க மட்டும் குறையவே இல்லடா. விக்காத.”

படகு கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஐஸும் டீசலும் ஏற்றித் தெற்கே போனான்.

அவன் போன பிறகு அந்த மூலையில் மேகம் விலகியது. புதுப்படத்தில் பச்சையைக் காணோம். நம்பாமல், அடைப்பை நீக்கிவிட்டு எல்லா வருஷத்தையும் மறுபடி ஓட்டினாள். மூலை முழுக்கக் கறுப்பு ஓட்டைகள். நடுநடுவே பொட்டுப்பொட்டாகத் தெரிந்த தண்ணீர் வருஷத்துக்கு வருஷம் வெளுத்து, கடைசியில் துடைத்துவைத்த நீலம். அவனைக் கூப்பிட்டாள், நடுக்கடலில் போன் எடுக்கவில்லை.

உருகிய ஐஸோடு திரும்பி வந்தவனிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவன் கத்தவில்லை.

“அப்பா காலத்து மீனைப் பிடிக்க என்னை அனுப்பியிருக்க.”

அந்த ஆள் இன்னும் படகைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாராம். சரியான படம் வெளியே போவதற்குள் பேரத்தை முடித்துவிடுவதாகவும், அதுவரை அவள் பொறுத்துக்கொண்டால் போதும் என்றும் சொன்னான்.

“காலையிலயே படத்த வெளிய போட்டுட்டேன்டா. அவரும் அதே தண்ணிக்குத்தான போவாரு?”

அவன் திரையைப் பார்த்தான். விளம்பரத்தில் வருவது போல அழகான நீலம்.

“சரி விடு,” என்றான். “நல்ல மரம். விறகுக்காவது கேப்பாங்க.”