பசை போட்ட குமிழ்

இரண்டு கையாலும் பிடித்துத் திருகிப் பார்த்தாள். குமிழ் அசையவே இல்லை. மண்டபத்து மேடை ஓரத்தில், ஆள் உயர மரப்பெட்டிக்குப் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்ததில் உடையெல்லாம் தூசி. பெட்டிக்கு அந்தப் பக்கம், மேடைக்கு முன்னால், அவளுடைய அப்பா கண்ணாடி மூடிக்குள் படுத்திருந்தார். தலைமாட்டில் அம்மா. மேடையில் ஒலிபெருக்கிக் கடைக்காரர்கள் சங்கத் தலைவர் பேசிக்கொண்டிருந்தார்.

"அன்னாரின் சேவை" என்று அவர் வாயைத் திறந்ததும் பெட்டியின் மேலிருந்த ஹார்ன் கீச்சென்று கத்தியது. "சிறந்த" என்றார், மறுபடியும் கத்தியது. சாவுக்கு வந்த கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்வதை அவள் பார்த்திருக்கிறாள். வரிசை வரிசையாகக் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

அடுத்துப் பேச வேண்டியது அம்மா. வாழ்நாளில் மைக்கைத் தொட்டுத் துடைத்திருக்கிறாளே ஒழிய, அதில் ஒரு வார்த்தை பேசியவள் இல்லை. காலையில் எல்லோரும் அழுது ஓய்ந்திருந்த நேரத்தில் தானாகவே சொன்னாள்.

"நானும் ரெண்டு வார்த்தை பேசணும். இன்னைக்காவது அந்த மனுஷன் பாதியில எந்திரிச்சுப் போகாம கேக்கட்டும்."

அப்போதே மகள் முடிவு செய்துவிட்டாள். மற்றது எது கெட்டுப்போனாலும் சரி, அம்மா பேசுவது இந்த மண்டபத்தின் கடைசி நாற்காலி வரை கேட்க வேண்டும். இந்தப் பாழாய்ப்போன குமிழ் மட்டும் கொஞ்சம் திரும்பினால் போதும்.

"அது திரும்பாது கண்ணு" என்று பக்கத்தில் வந்து குனிந்தார் குச்சி சித்தப்பா. பேர்தான் குச்சி. ஆள் அந்தப் பெட்டியை விட அகலம். அப்பாவின் ஒலிபெருக்கிக் கடைக்குக் கூட்டாளி. "உங்கப்பா பசை போட்டு ஒட்டிட்டாரு."

"எதுக்கு?"

"அண்ணன் டீ குடிக்கப் போனா போதும், மண்டபத்துக்காரன் வந்து ஹார்னைக் குறைச்சு வச்சிடறான். அதான்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடியில் கனத்த சத்தத்துக்கு ஒரு பெரிய ஸ்பீக்கர், மேலே மெல்லிய, கூரிய சத்தத்துக்குத் தகர வாயைப் பிளந்த ஹார்ன், அதை ஏற்றி இறக்கப் பின்னால் ஒரே ஒரு குமிழ். அந்தக் காலத்துப் பெட்டியின் மொத்த ரகசியமும் இவ்வளவுதான். அந்த ஒரு குமிழையும் உச்சியில் வைத்து ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். விசேஷங்களுக்குக் கூப்பிட்டவர்கள் எல்லாம் ஒருவர் பின் ஒருவராகக் கழன்றுகொண்டபோதும் அவர் சொன்னது ஒன்றுதான்: நான் சரியாத்தான் வச்சிருக்கேன், இவனுங்களுக்குத்தான் ரசனை கிடையாது.

"மொத்தச் சத்தத்தையும் குறைங்க சித்தப்பா."

"குறைச்சா அண்ணி பேசறது முதல் வரிசைக்கே கேக்காது. அவங்க குரல் உனக்குத் தெரியாதா, நூல் மாதிரி."

"அப்ப வேற செட்டு எடுத்துட்டு வாங்க. எதிர்க் கடையில புதுசு சும்மாதானே இருக்கு."

"அண்ணன் சாவுக்கு அடுத்தவன் பெட்டியா? நான் உசுரோட இருக்கேன்ல."

செத்தவர் ஒரு பிடிவாதம் என்றால் இருப்பவர் அதற்கு மேல். இந்த இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு அம்மா எப்படித்தான் குடும்பம் நடத்தினாளோ.

"இவ்ளோ கத்துதே, அது அப்பா காதுல விழவே இல்லையா? பக்கத்துலயேதானே நிப்பாரு?"

குச்சி சித்தப்பா தரையில் கிடந்த வயரைச் சுருட்ட ஆரம்பித்தார். சுருட்ட வேண்டிய வயரே இல்லை அது.

"விழல" என்றார்.

"என்ன?"

"நெசமாவே விழல கண்ணு. ஹார்ன் வாய்க்கிட்டயே நின்னு நின்னு அந்த மெல்லிசு சத்தம் மட்டும் அவருக்குப் போயிடுச்சு. நான் கடைசி வரிசையில நின்னு தலையைச் சொறிஞ்சா ஏத்தணும், மூக்கைத் தொட்டா இறக்கணும். அப்படித்தான் ரொம்ப நாள் ஓட்டினோம். அப்புறம் நான் மூக்கைத் தொட்டுக்கிட்டே இருந்தேனா, நீயும் அவனுங்களோட சேர்ந்துட்டியான்னு பசையைப் போட்டுட்டாரு."

"வீட்ல ஏன் சொல்லல?"

"சவுண்டு வைக்கிறவனுக்குக் காது போச்சுன்னா எவன் கூப்பிடுவான்? யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. அப்பாவை எழுப்பி உட்கார வைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும் போல் இருந்தது. அதற்குள் சங்கத் தலைவர் அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்துவிட்டார்.

"எல்லாருக்கும் சொல்றது என்னன்னா" என்று அம்மா தொடங்கினாள். ஹார்ன் வீலென்று அலறியது. அம்மா பாம்பை மிதித்தவள் போலப் பின்னால் போனாள். திரும்ப வந்து, மைக்கைத் தள்ளிப் பிடித்து, "சொல்றது" என்றாள். இன்னும் பெரிய அலறல். எங்கேயோ ஒருவர் சிரிப்பை அடக்கினார். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

மகளால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு ஹார்னுக்குப் போகும் வயரைப் பிடுங்கினாள். மேடையின் மறு ஓரத்தில் இருந்த ஜோடிப் பெட்டியைக் காட்டிக் கண்ணை உருட்டினாள். குச்சி சித்தப்பா சுருட்டிய வயரைக் கீழே போட்டார். பிறகு போய் அதன் ஹார்ன் வயரையும் பிடுங்கினார்.

கீச்சுச் சத்தம் நின்றது. காதைப் பொத்தியவர்கள் கையை எடுத்தார்கள். அம்மா பேசினாள்.

குரல் வந்தது, சொல் வரவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசுவது போல ஒரு மொத்தையான முனகல்தான் பெட்டியிலிருந்து வந்தது. ஏறியது, இறங்கியது, ஓரிடத்தில் உடைந்தது. அம்மா ஏதோ குறை சொல்கிறாள் என்று தெரிந்தது. என்ன குறை என்று தெரியவில்லை. "என்ன சொல்றாங்க?" என்று பின்வரிசையில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். மகளும் தலையைச் சாய்த்து உன்னிப்பாகக் கேட்டுப் பார்த்தாள். ஒரு வார்த்தை பிடிபட்டால்தானே. சாப்பாட்டு மேசையில் அம்மா எதிரே உட்கார்ந்து அப்பா இதைத்தான் கேட்டிருக்கிறார் என்று அப்போது அவளுக்கு உறைத்தது. கையில் இருந்த வயரின் முனை உள்ளங்கையில் குத்திக்கொண்டிருந்தது.

அம்மாவும் பாதியில் நிறுத்திவிட்டாள். "என்னடி இது? நான் என்ன பேசறேன்னு எனக்கே விளங்கலையே."

மகள் மேடையேறி அவள் காதோடு சொன்னாள். "அப்பாவுக்கு நீ பேசறது இப்படித்தாம்மா கேட்டிருக்கு. இந்த ஹார்ன்ல வர்ற சத்தமெல்லாம் அவருக்குக் கேக்காதாம். சித்தப்பா இப்பதான் சொல்றாரு."

அம்மா குச்சி சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எப்பல இருந்து?"

"ரொம்ப நாளாவே அண்ணி."

அம்மா திரும்பிக் கண்ணாடி மூடியைப் பார்த்தபடி நின்றாள். அவள் தளர்ந்துவிட்டாள் என்று நினைத்து யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதை வாங்கவில்லை. மைக்கை மகள் கையில் திணித்தாள்.

"நீ பேசு."

"நான் என்னம்மா பேச?"

"நான் தினம் அவர்கிட்ட பேசறது. உனக்குத் தெரியாததா?"

சொல்லிவிட்டுப் படியிறங்கி, கூட்டத்தின் முன்னால் நடந்து, ஸ்பீக்கர் பெட்டியின் எதிரே போய் நின்றாள். மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. மகள் மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"மழை வர்ற மாதிரி இருக்கு" என்றாள் மைக்கில். "குடையை எடுத்துட்டுப் போங்க."

சங்கத் தலைவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்தாள்.

"ஆறிப்போகுது. வந்து சாப்பிடுங்க. காலையில இருந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க, செத்த நேரம் உக்காருங்க."

அம்மா திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் காட்டினாள், இன்னொரு தடவை என்று. மகள் அதையே திரும்பவும் சொன்னாள், இன்னும் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக. அம்மா புரியவில்லை என்று தலையசைத்தாள். இன்னும் ஓர் எட்டு முன்னால் வந்து, பெட்டியின் முகப்புத் துணியில் காதை ஒட்டி வைத்துக்கொண்டாள்.