லாரிக்கு ஒரு தையல்

கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். சாகக் கிடந்த ஒருத்தி ஓர் அலுவலகத்தையே ஜெயித்த கதை இருக்கிறது. கேட்டு முடித்து எழும்போது உங்கள் முதுகு நிமிர்ந்திருக்கும்; அதற்கு நான் பொறுப்பு.

போர்முனைக் கூடாரத்தில் நர்ஸாக இருந்தவள் அவள். சிப்பாய்கள் ஊசி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது எண்பத்தாறு வயது. பார்வை போய்விட்டது, வயிற்றில் கட்டி. டாக்டர் ஒரு மாதம் கெடு வைத்துவிட்டார். தங்கை மகளின் வீடு நான்காவது மாடியில். அந்தப் பெண் வேலைக்குப் போனால், ஊசி அக்கா பகலெல்லாம் பூட்டிய கதவுக்குள் தனியாகக் கிடக்க வேண்டும்.

"நான் தைச்சு அனுப்பின பசங்க இருக்கிற இடத்துல விடும்மா. அங்கயே கண்ணை மூடறேன்."

அந்தப் 'பசங்களுக்கும்' எண்பது ஆகிவிட்டது. முதிய படைவீரர் இல்லத்தில் இருக்கிறார்கள். தங்கை மகள் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனாள்.

மேலாளர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டினார். "போர்முனையில வேலை செஞ்சதுக்குச் சான்றிதழ் வேணும்மா."

"கூடாரத்தோட எரிஞ்சு போச்சு சார்" என்றாள் ஊசி அக்கா.

"அப்ப படுக்கை தர முடியாது. மேல இருக்கிறவங்க கேட்டா நான் எதைக் காட்டறது?"

"எங்க உடம்பைக் காட்டுங்க!" என்று வாசலிலிருந்து ஓர் இடி இறங்கியது. ஊன்றுகோலோடு நின்ற அந்தக் கிழவருக்குப் பீரங்கி என்று பெயர், தொண்டை அப்படி. "அக்கா கைவேலை எங்க முதுகுல இருக்கு!"

"நீங்கள்லாம் பேசி வெச்சுக்கிட்டுச் சட்டையைக் கழட்டினா நான் நம்பணுமா?"

"நம்பாதீங்க. சோதிச்சுப் பாருங்க."

மேலாளர் கெட்டவர் இல்லை. விதிக்குப் பயந்தவர், அவ்வளவுதான். யோசித்து ஒரு வழி சொன்னார். கூடத்தில் நான்கு கட்டில். நான்கு பேர் தழும்பு மட்டும் தெரியப் போர்த்திப் படுப்பார்கள், யாரும் மூச்சுவிடக் கூடாது. எது தன் தையல், எது இல்லை என்று அவள் தொட்டுச் சொல்ல வேண்டும். ஒன்று தப்பினாலும் நான்காவது மாடிதான்.

முதல் கட்டிலில் தொடைக் காயம். அவள் விரல் தழும்பின் மேல் ஊர்ந்து, அது முடிந்த பிறகும் நிற்காமல் ஒரு விரற்கடை தள்ளிப் போனது. அங்கே நல்ல தோலில் இரண்டு சின்னக் குழிகள்.

"என்னுதுதான்."

"எப்படிப் பெரியம்மா சொல்றே?"

"காயம் முடிஞ்ச இடத்துக்கு அப்பால ஒரு தையல் கூடப் போடுவேன். லாரியில ஏத்தித்தானே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்? ரோடு பூரா பள்ளம். குலுங்கற குலுக்கல்ல நுனி பிரிஞ்சிடும். அதான் லாரிக்கு ஒண்ணு. டாக்டர் நூலை வீணாக்காதேன்னு கத்துவார். அவரா லாரியில படுத்துக்கிட்டுப் போறார்?"

இரண்டாவது, பரந்த முதுகு. விரல் வைத்து எண்ணிக்கொண்டே வந்தாள். "பதினேழு. குத்தினபோதெல்லாம் என் பரம்பரையையே திட்டினவன் ஒருத்தன்தான். என்னடா பீரங்கி, வாயை மூடிக்கிட்டுப் படுத்திருக்கே, உடம்புக்கு ஆகலையா?"

"அக்கா!" என்றார் பீரங்கி. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

மூன்றாவது ஒரு முழங்கை. தொட்டதுமே ஆம் என்றாள்.

நான்காவது வயிறு. விரல் ஓடி முடிந்தது. அதற்கப்பால் ஒன்றுமில்லை. மறுபடி தடவினாள். ஆமென்று சொல்லித் தொலையேன் பெரியம்மா என்று தங்கை மகள் வாய்க்குள் முணுமுணுத்தாள்.

"இது என் வேலை இல்லை. யாரோ நல்ல வெளிச்சத்துல, டீ குடிச்சிட்டு வந்து நிதானமா தைச்சது. குடல்வால் ஆபரேஷன். அப்புறம், இவ்வளவு மெத்துன்னு ஒரு சிப்பாய் வயித்தை நான் பார்த்ததே இல்லை."

கட்டில் குலுங்கியது. போர்வையை விலக்கி எழுந்தவர் மேலாளர்! கூடமே விழுந்து விழுந்து சிரித்தது.

"சார் எந்தச் சண்டையில அடிபட்டாரு?" என்றார் பீரங்கி. "கேன்டீன்லயா?"

மேலாளருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. பொத்தானை மாட்டிக்கொண்டு, சான்றிதழ் என்ற கட்டத்தில், 'மூன்று உடம்புகளில் நேரில் பார்த்தேன்' என்று எழுதி முத்திரை குத்தினார்.

ஜன்னலோரக் கட்டிலில் அவள் இருபத்தாறு நாள் ராணி மாதிரி இருந்தாள். மாத்திரையைத் துப்பிய கிழவர்களை அதட்டி விழுங்க வைத்தாள். ஒரு காலை, பீரங்கி பழைய சண்டையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிச் சொல்லிக்கொண்டிருக்க, புன்னகையோடு போய்ச் சேர்ந்தாள். கொடி போர்த்தினார்கள், அந்த இல்லத்தில் ஒரு நர்ஸுக்கு அதுதான் முதல் தடவை. எழ முடிந்தவர்கள் எழுந்து நின்றும், முடியாதவர்கள் படுத்தபடியும் சல்யூட் அடித்தார்கள்.

உங்கள் வீட்டிலும் முடியாமல் படுத்தவர் தலைமாட்டில் ஆள் குறையாமல் இருக்கட்டும். பட்ட புண்ணெல்லாம் சீக்கிரம் ஆறட்டும். பிள்ளைகுட்டிகளோடு சிரித்துக்கொண்டு நன்றாயிருங்கள், கண்ணுகளா.