எடை பார்க்கும் நாள்

எங்கள் கால்நடை மருத்துவமனையின் பின்னறையில் ஒரு ஃப்ரிட்ஜ் இருக்கிறது. அதில் பால் கிடையாது, காய்கறி கிடையாது. பதினோரு ஆமைகள் தூங்குகின்றன. குளிர்காலத்தில் அவற்றைக் கதகதப்பான வீட்டில் விட்டுவைத்தால் ஒழுங்காகத் தூங்கவும் மாட்டா, ஒழுங்காக விழித்திருக்கவும் மாட்டா. அதனால் வளர்ப்பவர்கள் எங்களிடம் கொண்டுவந்து விடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு டப்பா, டப்பாவில் மண், மூடியில் ஓட்டை. தினமும் ஒரு தடவை கதவைத் திறந்து காற்று விட வேண்டும். சனிக்கிழமைதோறும் எடை பார்த்து நோட்டில் எழுத வேண்டும். இரண்டும் என் வேலை. நான் அங்கே நர்ஸ்.

வீட்டிலும் ஒன்று தூங்குகிறது. அதற்கு ஓடு இல்லை, போர்வைதான். என் தம்பி.

அவன் லிஃப்ட் மெக்கானிக். நான்கு மாதத்துக்கு முன் கம்பெனியில் வேலை குறைந்துவிட்டது, மறுபடி வந்தால் கூப்பிடுகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வந்து படுத்தான். அலுப்பாக இருக்கும், படுக்கட்டும் என்று விட்டோம். அடுத்த வாரமும் படுத்தான், அதற்கடுத்த வாரமும் படுத்தான். கதவைச் சாத்தி, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்தவன் குளியலறைக்கு மட்டும்தான் வெளியே வந்தான். அதுவும் நாங்கள் கண்ணில் படாத நேரமாகப் பார்த்து வந்தான்.

காலையில் கிளம்பும்போது அவன் கதவுக்கு வெளியே நின்று ஒரு பாட்டம் திட்டுவேன். சாயங்காலம் வந்ததும் இன்னொரு பாட்டம். செவிடன் காதில் ஊதிய சங்குதான். தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

"ஐயா குளிர்கால உறக்கத்துல இருக்கார். வெயில் வந்தாத்தான் எழுந்திருப்பார்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி வைத்ததும் நான்தான். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அம்மாதான் அவனுக்குக் காவல். கதவருகே முக்காலியில் தட்டை வைத்துவிட்டுப் பூனை மாதிரி நடந்து போவாள். நான் குரலை உயர்த்தினால் ஓடி வந்து கையைப் பிடித்து இழுப்பாள்.

"சும்மா இருடி. தானா எழுந்திருப்பான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த வீட்டில் ஒருத்தி மட்டும் நாயிடமும் பூனையிடமும் கடி வாங்கிச் சம்பாதிப்பாள், ஒருத்தன் மட்டும் நோகாமல் படுத்திருப்பானா?

வியாழக்கிழமை அவனுடைய சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். தம்பியின் போன் அணைந்து எத்தனை நாளாயிற்றோ.

"திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கு வந்துடச் சொல்லுங்கம்மா. வரலேன்னா வேற ஆளைப் போட்டுருவாங்க. நானும் எவ்வளவுதான் தள்ளிப்போடுறது?"

கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். "சரிக்கா" என்று குரல் வந்தது. வெள்ளிக்கிழமையும் சொன்னேன். அதே "சரிக்கா". கட்டில் முனகவில்லை, கால் தரையில் படும் சத்தம் இல்லை. மறுத்துப் பேசினாலாவது சண்டை போடலாம். இந்த "சரிக்கா"வை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சனிக்கிழமை வழக்கம்போல ஆமைகளை எடுத்தேன். ஏழாவது டப்பாவில் இருப்பதற்கு நாங்கள் வைத்த பேர் மேஸ்திரி. தூங்கப் போவதற்கு முன் எங்கள் சுற்றுச்சுவரை முழுக்கச் சுற்றிப் பார்வையிட்டுவிட்டுத்தான் டப்பாவுக்குள் போனது. வரும்போது ஆயிரத்து இருநூற்று நாற்பது கிராம். போன வாரம் கொஞ்சம் குறைந்திருந்தது. இப்போது ஆயிரத்து நூற்றிரண்டு. டாக்டரம்மாவிடம் நோட்டைக் காட்டினேன்.

"எழுப்பிடு" என்றார்.

"இன்னும் ஆறு வாரம் இருக்கே டாக்டர்?"

"பத்துல ஒரு பங்குக்கு மேல போயாச்சு. இனிமே இது தூக்கமில்ல, கரையுது. விட்டா அப்படியே போயிடும். முதல்ல வெதுவெதுப்பா தண்ணி காட்டு. சாப்பாடெல்லாம் அப்புறம்."

அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி மேஸ்திரியை உட்கார வைத்தேன். வெகுநேரம் கல்லாகவே இருந்தது. பிறகு கழுத்து மெல்ல நீண்டு தண்ணீரைத் தொட்டது. அதற்குள் அதை வளர்க்கும் அம்மாள் மூன்று தடவை போன் செய்து விசாரித்துவிட்டார். பஸ்ஸில் வரும்போதெல்லாம் எனக்கு ஒரே எண்ணம்தான். ஆமையே எழுந்துவிட்டது. இவனுக்கு என்ன கேடு?

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் குளியலறையில் கிடந்த எடைமெஷினைத் தூக்கிக்கொண்டு போனேன். நாலு மாதம் உட்கார்ந்து தின்ன உடம்பு எத்தனை கிலோ என்று அவனே பார்க்கட்டும், பார்த்தாலாவது ரோஷம் வராதா என்றுதான் நினைத்தேன். வேலையில் இருந்தபோது அவன் பெருமையாகச் சொல்வான்: "லிஃப்ட்ல ஒரு ஆளுக்கு அறுபத்தெட்டு கிலோன்னு கணக்குக்கா. நான் சரியா அறுபத்தெட்டு. கம்பெனி என்னை வச்சுத்தான் அளவெடுத்திருக்கு."

கதவைத் தள்ளித் திறந்தேன். திரையை இழுத்தேன். மெஷினைக் கட்டில் பக்கத்தில் வைத்தேன்.

"ஏறு."

"அக்கா, வேணாம்."

"ஏறுடா!"

எழுந்தான். போர்வை நழுவியது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தான். நான் குனிந்து முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐம்பத்தொன்று.

மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அவனை இறக்கிவிட்டு நான் ஏறிப் பார்த்தேன். என் எடை எப்போதும் போல அப்படியே இருந்தது. மறுபடி அவனை ஏற்றினேன். ஐம்பத்தொன்றுதான். அப்புறம்தான் அவன் முகத்தைப் பார்த்தேன். லிஃப்ட் கணக்கில் என் தம்பி இப்போது ஒரு ஆள்கூட இல்லை.

பயம் வந்தது. எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். வாசலில் நின்ற அம்மாவின் மேல் பாய்ந்தேன்.

"தட்டு தட்டா கொண்டுவந்து வச்சியே, சாப்பிட்டானா இல்லையான்னு பாக்க மாட்டியா?"

"பாதி சாப்பிடுவான். தூங்குற உடம்புக்கு அதுவே போதும்னு இருந்தேன்."

"யார் சொன்னா அப்படி?"

"நீதாண்டி." அம்மா உள்ளே வந்தாள். "அந்த ஆமையெல்லாம் வந்த அன்னிக்குச் சாப்பிடும்போது சொல்லல? தூங்குறதை நடுவுல எழுப்பக்கூடாது, எழுப்பினா சேத்து வச்ச சக்தியெல்லாம் போயிடும், நேரம் வந்தா தானா எழுந்திருக்கும்னு? இவனையும் அப்படித்தான்னு எல்லார்கிட்டயும் சொன்னியே. நீ படிச்சவ, உனக்குத் தெரியும்னு இருந்தேன்."

தம்பியை மெஷினிலிருந்து இறக்கிக் கட்டிலில் உட்கார வைத்தேன்.

"எடை பாக்கணும்னு நீ சொல்லவே இல்லையே" என்றாள் அம்மா.

சொல்லவில்லைதான். கதையாகச் சொல்லச் சுவையானதை மட்டும்தான் வீட்டில் சொன்னேன்.

அம்மா சாப்பாடு போடத் திரும்பினாள். தடுத்தேன். நானே போய் வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான்.

"திங்கக்கிழமை..." என்று ஆரம்பித்தான்.

"திங்கக்கிழமை டாக்டர்ட்ட போறோம். உன் சூப்பர்வைசர்கிட்ட நான் பேசிக்கிறேன். போனா போகுது."

டம்ளரைக் கீழே வைத்தான்.

"தினமும் வெளில நின்னு திட்டுவியே, அது கேக்கும்கா. திட்டி முடிச்சதும் கதவைத் திறப்பியான்னு பாத்துட்டே இருப்பேன்."

தினமும் ஒரு தடவை கதவைத் திறந்து காற்று விடுவது என் வேலை என்று சொன்னேனே, அது ஆமைகளுக்கு.