ஹனுக்கா நாளில் ஒரு இரங்கலுரை

யோகேஸ்வரன் மயானத்துக்கு இரண்டு பொருட்களோடு போனான். ஒன்று, டண்டினொங் பூக்கடையில் சொல்லிச் செய்வித்த பெரிய மலர்வளையம். மற்றது, மூன்று நிமிட இரங்கலுரை. இரண்டுமே அங்கே செல்லாது என்பது வாசலிலேயே தெரிந்துவிட்டது.

"என்னப்பா, ஒருத்தற்ற கையிலயும் ஒரு பூக்கூட இல்லை," என்றாள் மனைவி மிருணாளினி மெதுவாக. "யூத ஆக்கள் செத்தவீட்டுக்குப் பூ கொண்டு வாறேல்லையாம்."

வாசலில் காவலுக்கு நின்ற இளைஞன் பெயரைக் கேட்டான், வளையத்தையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தான். ஊரில் சோதனைச் சாவடிகளில் பாதி வயதைக் கழித்த யோகேஸ்வரனுக்கு அது பெரிய காரியமில்லை. ஆனால் பிரார்த்தனை செய்யும் இடத்துக்கும் பிணம் எடுக்கும் இடத்துக்கும் மெல்பேர்னிலும் காவல் போட வேண்டியிருக்கிறதே என்று நினைத்தான்.

இறந்தவர் லியோன் வைஸ்பர்க், திரைச்சீலைக் கடை வைத்திருந்தவர். படகில் வந்து விசாவுக்குக் காத்திருந்த யோகேஸ்வரனுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க வந்து, பிறகு காரும் ஓடப் பழக்கியவர். மகள் தாலியாதான் அவனைப் பேசச் சொன்னாள். அதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய அண்ணன் ஜோனா, கடையைப் பொறுப்பெடுக்க மாட்டேன் என்று தகப்பனோடு சண்டை பிடித்துச் சிட்னிக்குப் போனவன். அதற்குப் பிறகு வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அப்பாவைப் பற்றித் தங்கை வாய் திறந்தாலே போனை வைத்துவிடுவான்.

"அப்பா தன்னை வெறுத்தே செத்தார் என்று நினைக்கிறான். அடக்கம் முடிந்த மறுநாள் காலையே திரும்பப் போகிறானாம்," என்று முதல்நாளே சொல்லியிருந்தாள் தாலியா. "கடைசி வருடங்களில் அப்பாவோடு இருந்தவர் நீங்கள்தான். நீங்கள் சொன்னால் கேட்பான்."

சொல்ல யோகேஸ்வரனிடம் ஒரு விஷயம் இருந்தது. உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத விஷயம். இரவெல்லாம் அதை ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்து வந்திருந்தான்.

வாசலுக்கு வந்த மதகுரு அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மன்னிக்க வேண்டும். இது ஹனுக்கா, வெளிச்சத்தின் பண்டிகை. இந்த எட்டு நாளும் நாங்கள் இறந்தவருக்கு இரங்கலுரை சொல்வதில்லை." தாலியா தலையில் கை வைத்தாள். துக்கத்தில் அவளுக்கே அது மறந்துபோயிருந்தது.

எங்கள் தமிழ் ஆட்களிடம் மைக்கைக் கொடுத்தால் பிணமே எழும்பி 'போதும் ராசா' என்று சொல்லும்வரை விடமாட்டார்கள். இங்கே என்னவென்றால், நல்லவரைப் பற்றி நாலு வார்த்தை பேசவும் பண்டிகை குறுக்கே நின்றது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாய் இருந்தும் என்ன பிரயோசனம்? யோகேஸ்வரனுக்குக் கோபம்கூட வந்தது. வரிசையில் நின்று மூன்று மண்வெட்டி மண் போட்டான். பெட்டியில் மண் விழுந்த சத்தத்தில் கோபம் போய்க் கண்ணீர் வந்தது. குழிக்கு மறுபக்கத்தில் ஜோனா அழாமல் நின்றான். நல்ல உயரமான ஆள்.

மாலையில் லியோன் வீட்டுக்குப் போனார்கள். கண்ணாடிகளைத் துணியால் மூடியிருந்தார்கள். குசினியில் அடுப்பு எரியவில்லை. அயலவர்கள் கொண்டுவந்த உருளைக்கிழங்கு அடையும் ஜாம் வைத்துப் பொரித்த டோனட்டும் மேசையில் கிடந்தன. கால்களைக் குட்டையாக வெட்டிய கதிரையில் ஜோனா முழங்கால் மடங்க உட்கார்ந்திருந்தான். துக்கம் காப்பவர் ஏழு நாளும் சரியான கதிரையில் இருக்கக் கூடாதாம். அதைவிட ஒன்றைத் தாலியா காதோடு சொன்னாள்: "அவன் முதலில் பேசும்வரை வந்தவர்கள் பேசக் கூடாது."

போச்சுடா என்று நினைத்தான் யோகேஸ்வரன். ஜோனாவுக்கு எதிரே இருந்தான். பத்துப் பேர் கூடிப் பிரார்த்தனை முடித்தார்கள். ஜோனா வாய் திறக்கவில்லை.

நன்றாக இருட்டிய பிறகு தாலியா அண்ணனிடம் மெழுகுதிரியை நீட்டினாள். அவன் வேண்டாவெறுப்பாக எழும்பி, தெருவைப் பார்த்த யன்னலில் மூன்றாம் நாளுக்கான மூன்று திரிகளையும் ஏற்றினான். அவை எரியும்போது அந்த வெளிச்சத்தில் வேலை எதுவும் செய்வதில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருப்பதுதான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரிகள் பாதிக்குமேல் கரைந்துவிட்டன. விடிந்தால் இவன் சிட்னிக்குப் போய்விடுவான் என்று யோகேஸ்வரன் கணக்குப் பார்த்தான்.

அப்போது ஜோனா அவன் பக்கம் திரும்பினான்.

"நீங்கள்தானே பூவளையம் கொண்டுவந்தவர்?"

"ஓம்... யெஸ்."

"அப்பா பார்த்திருந்தால் சிரித்திருப்பார்." அவன் சிரிக்கவில்லை. "உங்களுக்கு எப்படி அவரைத் தெரியும்?"

"எனக்குக் கார் ஓடப் பழக்கினவர். நீலக் காரில்."

ஜோனாவின் முகம் இறுகியது. "அது என்னுடைய கார். அதை விற்றுவிடுவேன், உனக்கு இங்கே ஒன்றும் இல்லை என்று சொல்லித்தான் என்னை அனுப்பினார்."

"விற்கவில்லை. கராஜில் நிற்கிறது."

ஜோனா தங்கையைப் பார்த்தான். அவள் ஓம் என்று தலையாட்டினாள்.

பாடமாக்கிய நல்ல ஆங்கிலமெல்லாம் யோகேஸ்வரனுக்கு மறந்துபோயிற்று. வாய்க்கு வந்த சொற்களில் சொன்னான்.

"நான் கட்டை. பிரேக்குக்குக் கால் எட்டாது. பழகி முடிந்த பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் அவரை ஏற்றிக்கொண்டு, சீற்றை முன்னுக்கு இழுத்துத்தான் ஓடுவேன். ஓடி முடிந்ததும் பழைய இடத்துக்கே தள்ளிவிடச் சொல்வார். சீற்றுக்குக் கீழே, அது நகரும் தண்டவாளத்தில் வெள்ளைப் பெயின்றால் கோடு போட்டு வைத்திருந்தார். அவருக்குக் கண் மங்கின பிறகும் குனிந்து கையால் தடவிப் பார்ப்பார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். 'என் மகன் உயரம். வந்து ஏறினால் முழங்கால் இடிக்கக் கூடாது' என்றார்."

ஜோனா மடங்கிக் கிடந்த தன் முழங்கால்களைப் பார்த்தான்.

"போன ஞாயிறும் மூச்சு வாங்க வாங்க இறங்கினார். 'சீற்றைத் தள்ளிவிட்டாயா?' என்று கேட்டார். தள்ளிவிட்டேன் என்றேன். என்னோடு அவர் கடைசியாகப் பேசினது அதுதான்."

ஜோனா எழும்பிக் கராஜ் பக்கம் போனான். தாலியா சாவியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். யோகேஸ்வரன் கதவடியில் நின்றுவிட்டான். ஜோனா காரைத் திறந்து ஏறி உட்கார்ந்தான். துக்கம் காப்பவர் அப்படி நல்ல இருக்கையில் இருக்கக் கூடாது என்று சொல்லத் தாலியா வாயெடுத்தாள், பிறகு மூடிக்கொண்டாள்.

அவன் கால்களை நீட்டினான். முழங்கால் எங்கும் இடிக்கவில்லை. குனிந்து சீற்றுக்குக் கீழே கையை விட்டுத் தடவினான். பிறகு ஸ்ரேரிங்கில் நெற்றியை வைத்து, மயானத்தில் அழாத அழுகையெல்லாம் சேர்த்து, "அப்பா, அப்பா" என்று அழுதான்.

யோகேஸ்வரன் மிருணாளினியின் கையைப் பிடித்தான். செத்தவீட்டில் 'போட்டு வாறன்' என்று விடைசொல்லும் வழக்கம் எங்களுக்கும் இல்லை. இருவரும் சொல்லாமலே வெளியே வந்தார்கள்.